வேலூரை ஒரே காலையில் அடக்கிய கில்லெஸ்பி யார்?

நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "1806 வேலூர்ப் புரட்சியை அடக்கிய கர்னல் கில்லெஸ்பி அயர்லாந்துக்காரராமே, உண்மையா? அதற்கு முன்னும் பின்னும் அவர் என்ன செய்தார்? அவர் கல்லறை வேலூரில் இருக்கிறதா?" அயர்லாந்து என்ற சொல்தான் அவரை உறுத்தியிருக்கிறது என்று நினைக்கிறேன். இங்கிலாந்தின் பிடியில் கிடந்த நாட்டில் பிறந்த ஒருவர், அதே பிடியை உதற முயன்ற நம் சிப்பாய்களை நசுக்க எப்படி வந்தார் என்பதுதான் அவர் உண்மையில் கேட்பது. முதலில் அதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன்.

வேலூரில் முப்பது ஆண்டுகள் வரலாறு நடத்தியவன் நான். ராணுவ நிபுணன் அல்ல. ஆண்டுதோறும் ஜூலையில் மாணவர்களைக் கோட்டைக்குள் அழைத்துப்போய், நடந்த இடத்திலேயே நிற்கவைத்துச் சொல்வது வழக்கம். அதற்காகப் படிக்கத் தொடங்கியதில் இந்த மனிதரின் வாழ்க்கை முழுவதையும் தேடிப் படிக்கும்படி ஆயிற்று. ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கில்லெஸ்பியைப் பற்றி நமக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி, அவர் இறந்து இரண்டே ஆண்டில், 1816இல், அவரைப் போற்றி வெளிவந்த ஒரு வாழ்க்கை நூலிலிருந்து வழிவழியாக வருவது. பதவி, தேதி, போர் ஆகியவற்றை அரசாங்க ஆவணங்களோடு ஒத்துப்பார்க்கலாம். சாகசக் கதைகளை அப்படிப் பார்க்க முடியாது. எது எந்த வகை என்று அங்கங்கே சொல்கிறேன்.

ராபர்ட் ரோலோ கில்லெஸ்பி 1766 ஜனவரி 21 அன்று அயர்லாந்தின் வடகிழக்கில், டவுன் மாவட்டத்தில் உள்ள கோம்பர் என்ற சிற்றூரில் பிறந்தார். ஆக, அயர்லாந்துக்காரர் என்பது உண்மை. ஆனால் எந்த அயர்லாந்து என்று கேட்க வேண்டும். அவர் குடும்பம் ஸ்காட்லாந்திலிருந்து வந்து குடியேறிய புராட்டஸ்டன்ட் குடும்பம், வசதியும் செல்வாக்கும் உள்ளது. குத்தகை கொடுக்க முடியாமல் தவித்த கத்தோலிக்க உழவரின் அயர்லாந்து வேறு, இது வேறு. 1783இல் கில்லெஸ்பி குதிரைப்படையில் இளநிலை அதிகாரியாகச் சேர்ந்தபோது, சட்டப்படி ஒரு கத்தோலிக்கர் அந்தப் பதவிக்கு வரவே முடியாது. பதவியைப் பணம் கொடுத்து வாங்கும் காலமும் அது. எனவே அவர் அயர்லாந்தில் பிறந்திருந்தாலும் ஆளும் கூட்டத்தோடு நின்றவர். இதில் ஒரு சிக்கலும் உண்டு. 1798இல் ஐக்கிய அயர்லாந்துக்காரர்கள் என்ற புரட்சி அமைப்பினர் இங்கிலாந்துக்கு எதிராக எழுந்தபோது டவுன் மாவட்டத்தில் புராட்டஸ்டன்டுகளே திரளாகச் சேர்ந்து போராடினார்கள். கோம்பரிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய செயின்ட்ஃபீல்டில் சண்டை நடந்தது. அந்த ஆண்டு அவர் ஊரில் இல்லை, கரீபியக் கடலில் இருந்தார். அண்டை வீட்டார் எழுச்சி செய்த மண்ணில் பிறந்தவர்தான் எட்டு ஆண்டு கழித்து வேலூர் எழுச்சியை அடக்கினார்.

இளமையில் அவரிடம் தெரிந்த குணம்தான் கடைசி வரை நின்றது. 1787இல் ஒரு சக அதிகாரியின் துப்பாக்கிச் சண்டைக்குத் துணையாளாகப் போனார். சண்டையிட வந்த இருவரும் சுட்டுக்கொண்டும் யாருக்கும் அடிபடவில்லை, சமாதானமாகப் போகலாம் என்ற நிலை. அங்கே கில்லெஸ்பி தானே வாக்குவாதத்தில் இறங்கி, எதிர்த்தரப்பைச் சேர்ந்த வில்லியம் பாரிங்டனைச் சுட்டுக் கொன்றார். கொலை வழக்கு நடந்தது, அடுத்த ஆண்டு விடுதலையானார். இது உறுதியான செய்தி. இறந்தவரின் சகோதரர் ஜோனா பாரிங்டன் பிற்காலத்தில் இதைக் கசப்போடு எழுதியிருக்கிறார்.

அப்புறம் 1792இல் ஜமைக்கா குதிரைப்படைக்கு மாறி மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனார். பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டத் தீவான செயின்ட் டொமிங்கோவில், இன்றைய ஹைட்டியில், அடிமைகள் எழுந்து நின்ற காலம். 1793இல் அங்கே அடிமைமுறை ஒழிக்கப்பட்டதாக பிரெஞ்சு ஆணையர் சோந்தோனா அறிவித்தார். அந்தத் தீவைப் பிடித்துப் பழைய முறையைத் திரும்ப நிறுத்த வந்த படைதான் ஆங்கிலப் படை. கில்லெஸ்பி அதில் முன்னணியில் நின்று போரிட்டார், காயமும் பட்டார். சமாதானக் கொடியோடு கரைக்குப் போனவர்களின் படகைச் சுட்டதால், வாளைப் பல்லில் கடித்துக்கொண்டு நீந்திக் கரையேறினார் என்பது அங்கே பிறந்த கதைகளில் ஒன்று. இரவில் வீடு புகுந்த எட்டுக் கொள்ளையரில் ஆறு பேரைத் தனி ஆளாக வெட்டிச் சாய்த்தார் என்பது இன்னொன்று. பின்னாளில் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் அவரைப் பார்த்து, இந்தச் சிறிய மனிதரா அவர்களைக் கொன்றவர் என்று வியந்தாராம். ஆள் குள்ளமானவர் என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். மற்றதை, அவரைத் தலைமேல் தூக்கிவைத்தவர்கள் சொன்னது என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம்.

ஊர் திரும்பியதும் படைப்பிரிவின் கணக்கு வழக்கில் முறைகேடு என்று குற்றச்சாட்டு எழுந்து, 1804இல் ராணுவ நீதிமன்றத்தில் நின்று விடுவிக்கப்பட்டார். பிறகு இந்தியாவிலிருந்த 19ஆம் குதிரைப்படைக்கு மாற்றம் வாங்கிக்கொண்டு, கப்பலேறாமல் தரைவழியாகப் புறப்பட்டார். ஜெர்மனி, கிரீஸ், கான்ஸ்டான்டிநோபிள், அலெப்போ, பாக்தாத் வழியாக வந்த பயணம் அது. இதில் ஒரு கதையைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஹாம்பர்க்கில் பிரெஞ்சுக்காரர்கள் பிடிக்கப்போகிறார்கள் என்று, நாடு கடந்து வாழ்ந்த அயர்லாந்துப் புரட்சியாளர் நேப்பர் டேண்டி வந்து எச்சரித்துத் தப்பவைத்தார் என்று பழைய வாழ்க்கைக் குறிப்புகளில் காணலாம். எதிரெதிர் அணியில் நின்ற இரண்டு அயர்லாந்துக்காரர்கள் அயலூரில் சந்தித்து ஒருவரை ஒருவர் காப்பாற்றுவது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பயணம் 1805இல். டேண்டி 1803லேயே போர்தோ நகரில் இறந்துவிட்டார். ஒரு தேதியைச் சரிபார்த்தாலே விழுந்துவிடும் கதை நூறு ஆண்டுக்கு மேல் அச்சில் ஓடியிருக்கிறது என்பதால்தான் மற்றச் சாகசங்களையும் நான் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிறேன்.

இனி வேலூர். காரணங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும், சுருக்கமாகச் சொல்கிறேன். தோல் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும், நெற்றிக்குறியும் கடுக்கனும் கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்று சென்னைப் படைக்கு வந்த உத்தரவு, கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் குடும்பம், சிப்பாய்களின் நெடுநாள் மனக்குறை எல்லாம் சேர்ந்து 1806 ஜூலை 10 விடியுமுன் வெடித்தது. கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். உள்ளே இருந்த 69ஆம் ஆங்கிலப் படைப்பிரிவினர் சுமார் 370 பேர். அவர்களில் நூறு பேருக்கு மேல் படுக்கையிலும் தாழ்வாரத்திலுமே மடிந்தார்கள். மதில்மேல் திப்புவின் புலிக்கொடி ஏறியது. கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த மேஜர் கோட்ஸ் சத்தம் கேட்டு ஆற்காட்டுக்கு விரைந்தார். அங்கே குதிரைப்படை முகாமின் தலைவராக இருந்தவர் கில்லெஸ்பி. முந்தின நாள் இரவு ஃபேன்கோர்ட் வீட்டு விருந்துக்கு அவர் வந்திருக்க வேண்டியது, வேலை குறுக்கிட்டதால் வரவில்லை என்று சொல்வார்கள். அது உண்மையானால் அந்த ஒரு வேலைதான் அவரைக் காப்பாற்றியது.

ஆற்காட்டிலிருந்து வேலூருக்கு இருபத்தைந்து கிலோமீட்டர். இன்று பேருந்தில் முக்கால் மணிநேரம். செய்தி வந்ததும் அவர் முழுப்படையும் பீரங்கியும் திரளட்டும் என்று இருக்கவில்லை. கைக்குக் கிடைத்த குதிரை வீரர்களோடு புறப்பட்டு, மற்றவர்கள் பின்னால் வரட்டும் என்று விட்டுவிட்டு, தானும் சிலருமாக இன்னும் முன்னே ஓடினார். கோட்டையை எட்டியபோது வெளி வாசல்கள் திறந்து கிடந்தன, உள்வாசல் அடைபட்டிருந்தது. வாசலுக்கு மேலே மதிலில் 69ஆம் பிரிவினர் அறுபது பேர் போல, குண்டு தீர்ந்த நிலையில் ஒதுங்கி நின்றார்கள். அவர்களில் பிரேடி என்ற சார்ஜென்ட் செயின்ட் டொமிங்கோவில் கில்லெஸ்பியைப் பார்த்தவராம். தூரத்தில் வருகிறவரை அடையாளம் கண்டு, கடவுள்தான் அவரை மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து அனுப்பினார் என்று கத்தினார் என்பது வழக்கு. மேலிருந்து கயிறு விட்டு கில்லெஸ்பியைத் தூக்கினார்கள். தோட்டா இல்லாத அந்த ஆட்களைத் துப்பாக்கி ஈட்டியோடு மதில்மேல் ஓடவைத்து, பீரங்கி வரும் வரை நேரத்தைப் பிடித்து வைத்தார்.

கோட்டை வாசலில் நின்று மாணவர்களிடம் இந்த இடத்தில்தான் நிறுத்துவேன். நிமிர்ந்து பாருங்கள் என்பேன். கருங்கல் மதில், கீழே அகழி, வழி நேராகப் போகாமல் வளைந்து போகும். கதவை உள்ளிருந்து அடைத்து, மேலே நூறு பேர் காவல் நின்றால் குதிரைப்படையால் ஒன்றும் செய்ய முடியாது. குதிரை மதில் ஏறாது. சிப்பாய்கள் தோற்றது வீரம் குறைவாக இருந்ததால் அல்ல. வாசலுக்கு மேலே இருந்த அந்த அறுபது பேரை அப்புறப்படுத்தாமல் விட்டதும், வெளி வாசல்களை அடைக்காமல் விட்டதும், கோட்டை கைக்கு வந்த பிறகு ஒரு தலைமையின் கீழ் நிற்காமல் சிதறியதும்தான் காரணம். சுமார் பத்து மணிக்குக் குதிரைகள் இழுத்து வந்த சிறு பீரங்கிகள் சேர்ந்தன. பிளாகிஸ்டன் என்ற இளம் அதிகாரி அவற்றை உள்வாசலுக்கு நேரே நிறுத்திக் கதவைப் பிளந்தார். குதிரைப்படை உள்ளே பாய்ந்தது. அப்புறம் நடந்தது சண்டை என்று சொல்லக்கூடியதல்ல.

இறந்த சிப்பாய்கள் எத்தனை பேர் என்பதில் கணக்குகள் ஒத்துப்போவதில்லை. முந்நூற்றைம்பது என்பதிலிருந்து எண்ணூறு வரை எழுதுகிறார்கள். ஆனால் ஒரு செய்தியில் ஐயமில்லை, ஏனென்றால் அதைச் சொன்னவர் வென்ற பக்கத்தைச் சேர்ந்தவர், பக்கத்தில் நின்று பார்த்தவர். கோட்டையில் திப்புவின் குடும்பம் இருந்த அரண்மனைக்குள் ஒளிந்திருந்த நூறுக்கும் மேற்பட்ட சிப்பாய்களை வெளியே கொண்டுவந்து, கில்லெஸ்பியின் உத்தரவின்படி ஒரு சுவரோரம் நிறுத்தி, எல்லாரும் சாகும்வரை பீரங்கியால் சிதறுகுண்டு அடித்தார்கள் என்று பிளாகிஸ்டனே பிற்காலத்தில் எழுதினார். அன்றைக்கு அதை ஏறக்குறைய அமைதியாகவே பார்த்துக்கொண்டிருந்ததாகவும், இத்தனை ஆண்டு கழித்து அந்தச் செயலை ஏற்கவோ, அன்றைய தன் மனநிலையைப் புரிந்துகொள்ளவோ கடினமாக இருப்பதாகவும் அவர் சொல்கிறார். விசாரணை இல்லை, சரணடைந்தவருக்கு உயிர்ப்பிச்சை இல்லை. கில்லெஸ்பியின் விரைவைப் புகழும் எவரும் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. சிப்பாய்களின் சொல் நமக்கு நேராக வரவில்லை. பின்னால் நடந்த விசாரணையில் வென்றவர்கள் எழுதிக்கொண்ட வாக்குமூலங்கள் வழியாகத்தான் வருகிறது. அதை எந்த நூலாலும் ஈடுகட்ட முடியாது. ஆளுநர் பெண்டிங்கும் தளபதி கிரடாக்கும் லண்டனுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார்கள், தலைப்பாகை உத்தரவு கைவிடப்பட்டது, திப்புவின் பிள்ளைகள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். கில்லெஸ்பிக்கு மட்டும் இதில் பெயர் வந்தது.

அடுத்த சில ஆண்டுகள் மைசூர்ப் பக்கம் கழிந்தன. பெங்களூர்ப் பந்தயத் திடலில் ஒரு புலியைக் குதிரைமேலிருந்து ஈட்டியால் கொன்றார் என்பதும் அவர் பெயரோடு ஒட்டிய கதைகளில் ஒன்று. பெரிய வேலை 1811இல் வந்தது. டச்சுக்காரர் கையிலிருந்து, அப்போது நெப்போலியன் ஆட்சிக்குள் போய்விட்ட ஜாவாவைப் பிடிக்க ஒரு படை புறப்பட்டது. ஆகஸ்ட் 26 அன்று மீஸ்டர் கோர்னெலிஸ் அரண்மீது, இன்றைய ஜகார்த்தாவின் ஜாட்டிநெகாராவில், தாக்குதலை முன்னின்று நடத்தியவர் கில்லெஸ்பி. காய்ச்சலோடு போரிட்டு மயங்கி விழுந்து, தெளிந்ததும் ஒரு வண்டிக் குதிரையை அவிழ்த்து ஏறித் துரத்தினார் என்கிறார்கள். தீவு ஆங்கிலேயர் கைக்கு வந்ததும் அங்கிருந்த படைக்கு அவர் தலைவர், ஆட்சிக்கு ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ். பின்னாளில் சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய அதே ராஃபிள்ஸ்தான்.

1812 ஏப்ரலில் சுமத்ராவின் பாலெம்பாங்கில், முழுப்படையும் வந்து சேருமுன், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு இரவில் சுல்தானின் அரண்மனைக்குள் நுழைந்து அதைக் கைப்பற்றினார். அதே ஆண்டு ஜூன் 20 அன்று யோக்யகார்த்தா அரண்மனை. தங்களைவிடப் பல மடங்கு ஆட்கள் இருந்த கோட்டையை விடிகாலையில் ஏணி வைத்து ஏறிப் பிடித்தார்கள், சுல்தானை நாடு கடத்தினார்கள், அரண்மனையைத் துடைத்து எடுத்தார்கள். கொள்ளையில் பெரும்பங்கு அதிகாரிகளுக்கே போயிற்று, கில்லெஸ்பிக்கும் பெருந்தொகை. ஓலைச்சுவடிகளும் கையெழுத்து நூல்களும்கூட மிஞ்சவில்லை. அவற்றை அள்ளியவர்களில் ஒருவரை நமக்கு நன்றாகத் தெரியும். தமிழகச் சுவடிகளைத் தொகுத்ததற்காக நாம் நன்றியோடு நினைக்கும் காலின் மெக்கன்சி அன்று அந்தப் படையோடு இருந்தார். யோக்யகார்த்தா சுவடிகளில் பல இன்றும் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில்தான் இருக்கின்றன. மெக்கன்சியைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது இதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வருவதில்லை.

ராஃபிள்ஸோடு கில்லெஸ்பிக்கு ஒத்துவரவில்லை. படை எவ்வளவு வேண்டும், பணம் யார் கையில் என்று தொடங்கிய சண்டை, அரசு நிலங்களை விற்றதில் ராஃபிள்ஸ் ஆதாயம் பார்த்தார் என்ற குற்றச்சாட்டு வரை போயிற்று. கில்லெஸ்பி 1813இல் ஜாவாவை விட்டு வங்காளத்துக்கு வந்து அதை எழுத்தில் கொடுத்தார். ராஃபிள்ஸ் நேர்மை தவறவில்லை என்று முடிவானபோது குற்றம் சாட்டியவர் உயிரோடு இல்லை.

1814இல் நேபாளத்தோடு போர். மேஜர் ஜெனரல் ஆகிவிட்ட கில்லெஸ்பி மீரட்டிலிருந்து மூவாயிரத்தைந்நூறு பேர் போல அழைத்துக்கொண்டு டேராடூனுக்குப் போனார். ஊரை ஒட்டிய குன்றின்மேல் கலங்கா என்ற சிறு கோட்டை. நாலாபானி என்றும் சொல்வார்கள். உள்ளே பலபத்ர குன்வர் தலைமையில் பெண்கள், குழந்தைகள் உட்பட அறுநூறு பேர் அளவில். சரணடையச் சொல்லி நள்ளிரவில் வந்த கடிதத்தை, இந்த நேரத்தில் கடிதம் வாங்கும் வழக்கமில்லை என்று பலபத்ரர் கிழித்துப் போட்டதாகச் சொல்வார்கள். அக்டோபர் 31 காலை, படைகள் பல திசையிலிருந்து பிரிந்து போய், பீரங்கிச் சைகை கேட்டதும் ஒரே நேரத்தில் ஏற வேண்டும் என்பது திட்டம். கூர்க்காக்கள் வெளியே பாய்ந்து தாக்கிப் பின்வாங்கியதும் கில்லெஸ்பி பொறுக்கவில்லை. குறித்த நேரத்துக்கு முன்னாலேயே தாக்க உத்தரவிட்டார். குன்றின் மறுபக்கம் போயிருந்த அணிகள் சைகையைக் கேட்கவே இல்லை. முதல் தாக்குதல் முறிந்தது, 53ஆம் படைப்பிரிவினர் பலர் முன்னேறத் தயங்கினார்கள். அவர் குதிரையிலிருந்து இறக்கிய தன் பழைய அயர்லாந்துக் குதிரைப்படையினர் சிலரோடு வாசலை நோக்கித் தானே ஓடினார். சுவரிலிருந்து முப்பது கெஜம் போல இருக்கும்போது மார்பில் குண்டு பாய்ந்து விழுந்தார். வயது நாற்பத்தெட்டு.

வேலூரில் செய்ததைத்தான் இங்கும் செய்தார். ஆட்கள் சேரும் வரை நிற்கவில்லை, வாசலுக்குத் தானே முன்னே ஓடினார். வேலூரில் கதவுக்கு மேலே தன் ஆட்கள் இருந்தார்கள், உள்ளே இருந்தவர்கள் சிதறியிருந்தார்கள். கலங்காவில் உள்ளே ஒரே தலைமை, ஒரே மனம். மதில்மேல் பெண்களும் நின்று கல் எறிந்தார்கள் என்று தாக்கியவர்களே எழுதியிருக்கிறார்கள். அவர் போன பிறகு நவம்பர் 27இல் நடந்த இரண்டாம் தாக்குதலும் தோற்றது. கடைசியில் கோட்டைக்குத் தண்ணீர் வரும் வழியை அடைத்த பிறகுதான், நவம்பர் 30 அன்று, எஞ்சியிருந்த எழுபது பேர் போல வாளோடு வெளியேறினார்கள். இந்தத் தண்ணீர் யோசனை முதல் நாளே தோன்றியிருந்தால் எழுநூறு பேருக்கு மேல் அடிபட்டும் செத்தும் விழுந்திருக்க வேண்டியதில்லை.

கல்லறை பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேலூரில் இல்லை. கோட்டைக்கு அருகே உள்ள பழைய ஐரோப்பியர் கல்லறைத் தோட்டத்தில் இருப்பது 69ஆம் பிரிவினரின் கூட்டுக் கல்லறை. கில்லெஸ்பியின் உடலை மீரட்டுக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். சாவுச் செய்தி லண்டனுக்குப் போய்ச் சேருமுன்னே, 1815 ஜனவரியில், அவருக்கு சர் பட்டம் அறிவிக்கப்பட்டது. செயின்ட் பால் பேராலயத்தில் சிலை வைத்தார்கள். 1845 ஜூன் 24 அன்று பிறந்த ஊரான கோம்பரின் சதுக்கத்தில் ஐம்பத்தைந்து அடித் தூணில் அவரை நிறுத்தினார்கள். டவுன் மாவட்டத்தின் மானத்துக்காக இன்னும் ஒரு குண்டு என்பது அவருடைய கடைசிச் சொல்லாக அங்கே பொறிக்கப்பட்டிருக்கிறது. குண்டடிபட்ட நொடியில் அப்படிச் சொன்னாரா என்பது வேறு, ஊர் அப்படித்தான் நம்புகிறது.

டேராடூனில் சகஸ்ரதாரா சாலையில் இரண்டு வெள்ளைத் தூண்கள் ஒரே வளாகத்துக்குள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஓய்வு பெற்ற ஆண்டில் போய்ப் பார்த்தேன். ஒன்று கில்லெஸ்பிக்கும் அவரோடு விழுந்தவர்களுக்கும். மற்றது பலபத்ரருக்கும் அவருடைய கூர்க்காக்களுக்கும், வீரம் மிக்க எதிரிக்கு மரியாதையாக என்று ஆங்கிலேயரே எழுதி வைத்தது. உயரத்திலும் வடிவிலும் வித்தியாசம் இல்லை. வேலூரில் சிப்பாய்களுக்கு ஒரு நினைவுத் தூண் எழுப்ப நாடு விடுதலையடைய வேண்டியிருந்தது. இருநூறாம் ஆண்டான 2006இல் அஞ்சல்தலையும் வந்தது. ஜூலை 10 காலையில் மக்கான் பக்கம் போனால் அந்தத் தூணுக்கு மாலை போட்டிருப்பார்கள். அங்கிருந்து கோட்டை வாசல் நடக்கும் தூரம்தான். போய் நின்று, கில்லெஸ்பியைக் கயிற்றில் தூக்கிய மதிலை நிமிர்ந்து பாருங்கள்.